லின்டருக்கு ஊர் சொல்லிக்கொடுப்பது

குலசேகரத்தில் என் சித்தப்பா ரப்பர் பால் வாங்கும் கடை வைத்திருக்கிறார். காலையில் பால்வெட்டு முடிந்ததும் ஆட்கள் கேனோடு வந்து நிற்பார்கள். எடை போட்டு, டிஆர்சி பார்த்து, அன்றைய விலையால் பெருக்கித் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். டிஆர்சி என்றால் பாலில் உள்ள உலர்ந்த ரப்பரின் அளவு. பத்து கிலோ பாலில் 35 சதவீதம் என்றால் மூன்றரை கிலோ ரப்பர். கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 700 ரூபாய். இந்தக் கணக்கைக் கடைக் கணினியில் போட்டுப் பார்க்க ஒரு பக்கம் வேண்டும் என்றார். அவருடைய மகனே எழுதினான்; நாகர்கோவிலில் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறான். ஒரு எச்டிஎம்எல் கோப்பு, கூடவே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு, அவ்வளவுதான். ரியாக்ட், வியூ போன்ற கட்டமைப்பு எதுவும் கிடையாது. ஒருமுறை பார்த்துவிடலாமே என்று நான் அதன்மேல் ஈஎஸ்லின்ட்டை ஓட்டினேன். நிரலை இயக்காமலே, எழுதியதைப் படித்துச் சந்தேகமான இடங்களைச் சுட்டும் கருவி அது; இந்த வகைக் கருவிக்கு லின்டர் என்று பெயர்.

திரை முழுக்கச் சிவப்பு. ‘டாக்குமென்ட்’ என்றால் என்னவென்று தெரியவில்லையாம். ‘கன்சோல்’ தெரியாது, ‘அலர்ட்’ தெரியாது, ‘லோக்கல்ஸ்டோரேஜ்’ தெரியாது. கடைசியில் இன்னொன்று: ‘கணக்கிடு’ என்ற ஃபங்ஷனை எழுதியிருக்கிறீர்கள், எங்கேயும் பயன்படுத்தவில்லை. பக்கமோ உலாவியில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணே, இதுக்கு டாக்குமென்டையே தெரியல்ல. இத வச்சு நாம எதப் பாக்கதுக்கு?” என்றான் தம்பி.

ஒரு குறையும் இல்லாமல் ஓடியது என்று அன்றைக்கு இரண்டு பேருமே நம்பினோம். அது சரியில்லை என்பது பத்து நாள் கழித்துத் தெரிந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன். (இந்தக் கட்டுரையில் விதிகளின் பெயர்களையும் கட்டளைகளையும் ஒலிப்பைப் பார்த்துத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.)

எங்கள் பக்கத்தில் மரச்சீனி என்று ஒரு கிழங்கு உண்டு. அவித்து மீன் குழம்போடு சாப்பிடுவோம். சென்னையில் பிழைதிருத்தும் ஒருவரிடம் இந்தச் சொல்லைக் கொடுத்தால் கீழே கோடு போட்டுவிடுவார். மரத்தில் ஏது சீனி? அவருக்கு அது மரவள்ளி. எழுதியவர் மேலும் தப்பில்லை, திருத்தியவர் மேலும் தப்பில்லை. இது குமரி மாவட்டத்துப் பிரதி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. லின்டரின் நிலைமையும் இதேதான். நாம் கொடுத்த கோப்பு எந்த ஊரில் ஓடப்போகிறது என்று அதற்குச் சொல்லவில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களில் பலருக்கு மொழிக்கும் உலாவிக்கும் நடுவில் உள்ள எல்லைக்கோடு கண்ணில் பட்டதே இல்லை. 1995-இல் பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப்புக்காகப் பத்தே நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தைச் செய்தார். பிறந்த இடமே உலாவி என்பதால் இரண்டும் ஒன்று என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டது. ஆனால் 1997-இல் எக்மாஸ்கிரிப்ட் என்ற பெயரில் மொழிக்குத் தரநிர்ணயம் வந்தபோதே பக்கத்தைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. இன்றைக்கும் அந்த ஆவணத்தில் ‘அரே’ இருக்கிறது, ‘மேத்’ இருக்கிறது, ‘டேட்’, ‘ஜேசான்’, ‘ப்ராமிஸ்’ எல்லாம் இருக்கின்றன. ‘டாக்குமென்ட்’ இல்லை. ‘விண்டோ’ இல்லை. ‘செட்டைம்அவுட்’ கூட இல்லை. ‘கன்சோல்’ இல்லை என்று சொன்னால் நம்பவே மாட்டார்கள். அவையெல்லாம் உலாவி கொடுக்கும் சாமான்கள். மொழி அவற்றை இரவல் வாங்கிப் புழங்குகிறது.

2009-இல் நோட்.ஜேஎஸ் என்ற மென்பொருள் வந்து அதே மொழியைச் சர்வரில் ஓட்டத் தொடங்கியதும் இந்த வித்தியாசம் வேலைக்கு வந்தது. அங்கே ‘டாக்குமென்ட்’ கிடையாது. ‘ப்ராசஸ்’, ‘ரிக்வயர்’ என்று வேறு சாமான்கள். ஈஎஸ்லின்ட் இரண்டு பக்கமும் சாயாமல், மொழியின் தரத்தில் உள்ள பெயர்களை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறது. மீதியை நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ‘நோ-அன்டெஃப்’ என்ற விதி, அறிமுகமில்லாத ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி வைத்து விசாரிக்கும்.

இந்த விதி எரிச்சலூட்டும், ஆனால் தேவை. தம்பியின் கோப்பில் ஓரிடத்தில் ‘தொகை’ என்று எழுத வேண்டியது ‘தோகை’ என்று விழுந்திருந்தது. (மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்க ஜாவாஸ்கிரிப்ட் அனுமதிக்கிறது. அவன் பாதியைத் தமிழிலும் பாதியை ஆங்கிலத்திலும் வைத்திருந்தான்.) சாதாரண ஸ்கிரிப்டில், அறிவிக்காத ஒரு பெயருக்கு மதிப்புக் கொடுத்தால் உலாவி சண்டைக்கு வராது, அந்தப் பெயரில், எங்கிருந்தும் எட்டக்கூடிய ஒரு குளோபல் மாறியைப் புதிதாகச் செய்து வைத்துவிடும். கணக்கு ‘தோகை’யில் போய் உட்கார்ந்துகொள்ளும், ‘தொகை’ பழைய மதிப்போடே நிற்கும். நாற்பது பொய்ச் சிவப்புக்கு நடுவே இந்த ஒரு நிஜச் சிவப்பும் இருந்தது. அன்றைக்கு அதை இரண்டு பேருமே பார்க்கவில்லை. பொய் எச்சரிக்கையால் வரும் நஷ்டம் இதுதான்.

லின்ட் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. 1978-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழி நிரல்களில் சந்தேகமான இடங்களைச் சுட்டிக்காட்ட ஒரு கருவி எழுதினார். துணியில் ஒட்டிக்கொள்ளும் நூல்பிசிறுக்கு ஆங்கிலத்தில் லின்ட் என்று பெயர். அதையே கருவிக்கு வைத்தார். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு முதலில் பேர் வாங்கியது 2002-இல் டக்ளஸ் கிராக்ஃபோர்டு எழுதிய ஜேஎஸ்லின்ட். அது அவர் சொன்னபடிதான் எழுத வேண்டும் என்று அடம்பிடிக்கும். அந்தக் கண்டிப்பு பிடிக்காமல் அதிலிருந்து பிரிந்ததுதான் ஜேஎஸ்ஹின்ட். அப்புறம் 2013-இல் நிக்கலஸ் சகாஸ் ஈஎஸ்லின்ட்டைத் தொடங்கினார். அதில் ஒவ்வொரு விதியையும் தனித்தனியாக ஏற்றலாம், இறக்கலாம், நாமே புதிதாக எழுதியும் சேர்க்கலாம். அந்தச் சுதந்திரத்துக்கு விலைதான், எந்த விதி, எந்த ஊர் என்று நாம் எழுதிக் கொடுக்க வேண்டிய அமைப்புக் கோப்பு.

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் பதில்: ஈஎஸ்லின்ட்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் ‘என்வ்’ என்பதன் கீழே ‘பிரவுசர்: ட்ரூ’ என்று போடுங்கள். பல வருடம் அதுதான் சரியான பதில். ஆனால் 2024 ஏப்ரலில் வந்த 9-ஆம் பதிப்பு ‘ஃபிளாட் கான்ஃபிக்’ என்ற புது முறையை வழக்கமாக்கிவிட்டது. பழைய கோப்பை அது தானாகத் தேடிப் படிப்பதில்லை. புதுக் கோப்பில் பழைய பழக்கத்தில் ‘என்வ்’ என்று எழுதினால், இது பழைய பாணி என்று சொல்லி நின்றுவிடும். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். படிக்கும் பாடம் 2018-இல் எழுதியது, நிறுவிய கருவி இன்றையது.

புது முறையில் கோப்பின் பெயர் ஈஎஸ்லின்ட்.கான்ஃபிக்.எம்ஜேஎஸ். கடைசியில் வெறும் ஜேஎஸ் என்றும் வைக்கலாம். ஆனால் திட்டத்தின் விவரக் கோப்பான பேக்கேஜ்.ஜேசானில் ‘டைப்: மாட்யூல்’ இல்லாவிட்டால், நோட் பதிப்பைப் பொறுத்து ‘இம்போர்ட்’ வரியிலேயே தகராறு வரலாம். எம்ஜேஎஸ் என்று வைத்தால் அந்தக் கவலை இல்லை. உள்ளே ஒரு அரே. அதில் வரிசையாக ஆப்ஜெக்ட்கள். ஒவ்வொன்றும் எந்தக் கோப்புகளுக்கு என்ன ஏற்பாடு என்று சொல்லும். ஒரே கோப்புக்கு இரண்டு ஆப்ஜெக்ட் பொருந்தினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். முரண்பட்ட இடத்தில் பின்னால் வருவது வெல்லும்.

உலாவியின் பெயர்ப் பட்டியலை நாம் கையால் எழுத வேண்டாம். அதற்கு ‘குளோபல்ஸ்’ என்று ஒரு என்பிஎம் பேக்கேஜ் (இறக்கி நிறுவும் நிரல்தொகுப்பு) இருக்கிறது. அதை இறக்குமதி செய்து, ‘லாங்குவேஜ்ஆப்ஷன்ஸ்’ உள்ளே ‘குளோபல்ஸ்’ என்ற இடத்தில் அதன் ‘பிரவுசர்’ பட்டியலை விரித்துப் போட்டால் போதும். ஒரு சின்னப் பொறி இருக்கிறது. வேறு ஏதோ பேக்கேஜ் இழுத்து வந்த பழைய குளோபல்ஸ், பேக்கேஜ்கள் இறங்கும் நோட்மாட்யூல்ஸ் அடைவில் கிடந்தால், நிறுவாமலே இறக்குமதி வேலை செய்துவிடும். ஆனால் அந்தப் பழைய பட்டியலில் ‘ஆடியோவொர்க்லெட்குளோபல்ஸ்கோப்’ என்ற பெயரின் வாலில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புது ஈஎஸ்லின்ட் அதைக் கண்டதும், பெயருக்கு முன்னாலோ பின்னாலோ வெற்றிடம் இருக்கிறது என்று சொல்லி ஓடவே மறுக்கும். உங்கள் கோப்பில் அந்தப் பெயரை எங்கே தேடியும் கிடைக்காது. குளோபல்ஸின் புதுப் பதிப்பை நீங்களே நிறுவிவிட்டால் தீர்ந்தது. எனக்கு இதில் ஒரு மாலைப்பொழுது போயிற்று.

நாங்களும் பட்டியலைப் போட்டோம். சிவப்பு கிட்டத்தட்ட மொத்தமும் உதிர்ந்துவிட்டது. மிஞ்சிய ‘தோகை’யைத் திருத்தினோம். ‘கணக்கிடு’ வரிக்கு மேலே, இதை விட்டுவிடு என்று லின்டருக்குச் சொல்லும் ஒரு விலக்குக் குறிப்பைப் போட்டு அதையும் அடக்கினோம். பச்சை. பக்கத்தைச் சித்தப்பாவிடம் கொடுத்தாயிற்று.

பத்து நாள் போயிருக்கும். பால் கொண்டுவரும் ஒரு அண்ணாச்சி சீட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “இதுல பணம் தந்தாச்சுன்னு போட்டிருக்கு, எனக்கு ஒரு ரூவா வரல்லியே.” சித்தப்பா பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் ‘பணம் கொடுத்தாயிற்று’. கொடுத்ததிலும் அதுதான், கொடுக்காததிலும் அதுதான்.

கோப்பின் தலையில் தம்பி ஒரு மாறி வைத்திருந்தான். பெயர் ‘ஸ்டேட்டஸ்’. ‘வார்’ என்ற சொல்லைப் போட்டு அறிவித்து, தொடக்க மதிப்பு ‘ஃபால்ஸ்’. பணம் கொடுத்ததும் பொத்தானை அழுத்தினால் ‘ட்ரூ’ ஆகும். சீட்டு அச்சடிக்கும்போது ஸ்டேட்டஸ் உண்மையா என்று பார்த்து வரியைப் போடும். படித்தால் ஒரு தப்பும் தெரியாது. கன்சோலில் அச்சிட்டுப் பார்த்தாலும் ஃபால்ஸ் என்றே வந்தது.

விஷயம் என்னவென்றால், உலாவியின் விண்டோவில் ‘ஸ்டேட்டஸ்’ என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் உலாவியின் அடிப்பட்டையில் எழுத்து ஓடுமே, அதற்கானது. இன்றைக்கு அந்த வேலையே இல்லை, ஆனாலும் இடத்தைக் காலி செய்யவில்லை. சாதாரண ஸ்கிரிப்டில் மேல்மட்டத்தில் வார் போட்டால் புது மாறி பிறப்பதில்லை. விண்டோவில் இருக்கும் அந்தப் பழைய ஸ்டேட்டஸின் கையில்தான் மதிப்பு போய்ச் சேரும். அதுவோ எதைக் கொடுத்தாலும் எழுத்துச் சரமாக மாற்றித்தான் வைத்துக்கொள்ளும். ஃபால்ஸ் என்ற மதிப்பைக் கொடுத்தால் ‘ஃபால்ஸ்’ என்ற ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லாக வைத்துக்கொள்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் காலியில்லாத எந்தச் சரமும் உண்மை. ஆகவே எல்லாச் சீட்டும் பணம் கொடுத்த சீட்டு. ‘நேம்’ என்ற பெயரிலும் இதே வில்லங்கம் உண்டு. எண்ணைக் கொடுத்தால் சரமாகத் திரும்பி வரும். தம்பி அந்த மாறிக்கு ‘நிலை’ என்று தமிழில் பெயர் வைத்திருந்தால் அண்ணாச்சிக்குக் காசு அன்றைக்கே கிடைத்திருக்கும்.

சரி, பச்சை காட்டிய லின்டர் இதை ஏன் பிடிக்கவில்லை? பிடித்திருக்கும். நாம்தான் அதற்குத் தப்பான ஊரைச் சொல்லியிருந்தோம்.

ஃபிளாட் கான்ஃபிக்கில் ‘சோர்ஸ்டைப்’ என்று ஒரு புலம் இருக்கிறது. ஒன்றும் எழுதாவிட்டால் ஜேஎஸ் கோப்புகளை அது ‘மாட்யூல்’ என்று எடுத்துக்கொள்ளும். மாட்யூலில் மேல்மட்டத்தில் அறிவிக்கும் மாறி அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கும், விண்டோவைத் தொடாது. ஆகவே மாட்யூலில் ஸ்டேட்டஸ் என்று பெயர் வைத்தால் ஆபத்தே கிடையாது. லின்டர் சும்மா இருந்தது நியாயம். ஆனால் எங்கள் எச்டிஎம்எல் அந்தக் கோப்பைச் சாதாரண ஸ்கிரிப்டாக அழைக்கிறது. சோர்ஸ்டைப்பை ‘ஸ்கிரிப்ட்’ என்று மாற்றி ஓட்டினேன். ‘நோ-ரீடிக்ளேர்’ விதி உடனே வாயைத் திறந்தது: ஸ்டேட்டஸ் என்பது ஏற்கெனவே உள்ளமைந்த குளோபல் மாறி. அந்த விதி ஈஎஸ்லின்ட்டின் ‘ரெகமண்டட்’ தொகுப்பிலேயே இருக்கிறது. நாங்கள் புதிதாக எதையும் ஏற்றவில்லை.

இதில் இரண்டு புலமும் சேர்ந்து வேலை செய்வதைக் கவனியுங்கள். உலாவியின் பட்டியல் இல்லாவிட்டால் ஸ்டேட்டஸ் என்று ஒன்று இருப்பதே லின்டருக்குத் தெரியாது. ஸ்கிரிப்ட் என்று சொல்லாவிட்டால் அது நம் மாறியோடு மோதும் என்பது தெரியாது. எச்சரிக்கையைப் போக்குவதற்காக அமைப்புக் கோப்பை எழுதுகிறோம் என்றுதான் பொதுவாகப் பேசுகிறார்கள். எழுத வேண்டியது உண்மையான இருப்பிடத்தை. எழுதினால் சில எச்சரிக்கை போகும், சிலது புதிதாக வரும். போனதைவிட எனக்கு வந்தது பெரியதாகத் தெரிந்தது.

மாட்யூலுக்கே மாறிவிட்டால் என்ன என்று தம்பி கேட்டான். நல்ல யோசனைதான். ஆனால் சித்தப்பா கடைக் கணினியில் அந்த எச்டிஎம்எல் கோப்பை இரண்டு தட்டுத் தட்டி நேராகத் திறக்கிறார், சர்வர் கிடையாது. அப்படித் திறந்த பக்கத்தில் மாட்யூல் ஸ்கிரிப்டைக் குரோம் ஏற்ற மறுத்துவிடும். அதனால் ஸ்கிரிப்டாகவே இருக்கட்டும் என்று விட்டோம்.

இனி அந்த ‘கணக்கிடு’. பொத்தானின் ‘ஆன்கிளிக்’ பண்பில் கணக்கிடு என்று எழுதியிருக்கிறது. அழைப்பு எச்டிஎம்எல்லில் இருக்கிறது, ஃபங்ஷன் ஜேஎஸ்ஸில் இருக்கிறது. ஈஎஸ்லின்ட் எச்டிஎம்எல்லைப் பார்ப்பதில்லை. ஆகவே ‘நோ-அன்யூஸ்ட்-வார்ஸ்’ விதிக்கு அது சும்மா கிடக்கும் ஃபங்ஷன். முதலில் நாங்கள் செய்தது போல விலக்குக் குறிப்புப் போட்டு வாயை அடைப்பது சோம்பேறி வழி. கோப்பின் தலையில் ‘எக்ஸ்போர்ட்டட் கணக்கிடு’ என்று ஒரு குறிப்பு எழுதலாம். இதை வெளியாள் ஒருவர் பயன்படுத்துகிறார் என்று அதற்கு அர்த்தம். இந்தக் குறிப்பு ஸ்கிரிப்ட் வகையில்தான் பலிக்கும். மாட்யூல் என்று இருந்தால் எழுதியும் புண்ணியமில்லை, எச்சரிக்கை அப்படியே நிற்கும். குறிப்பு எழுதியும் வேலை செய்யவில்லை என்று யாராவது புலம்பினால் நான் முதலில் கேட்பது சோர்ஸ்டைப் என்ன என்றுதான்.

மூன்றாவது வழி, ஆன்கிளிக்கை எடுத்துவிட்டு ஜேஎஸ் கோப்பிலேயே ‘ஆட்ஈவன்ட்லிஸனர்’ போட்டுப் பொத்தானைக் கட்டிவிடுவது. அழைப்பும் ஃபங்ஷனும் ஒரே கோப்புக்கு வந்துவிடும், குறிப்பே வேண்டாம். புதுப் பக்கம் என்றால் இதுதான் என் தேர்வு. ஐம்பது பொத்தான் உள்ள பழைய பக்கம் என்றால் எக்ஸ்போர்ட்டட் எழுதிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பேன்.

இன்னொரு வகைச் சிவப்பு, தம்பி பின்னால் சேர்த்த ஒரு வரியில் ‘தொகைபெட்டி’ என்ற பெயரில் வந்தது. அவன் எங்கேயும் அறிவிக்கவே இல்லை, ஆனால் உலாவியில் ஓடுகிறது. எப்படி? எச்டிஎம்எல்லில் ஒரு பெட்டிக்கு ஐடி ‘தொகைபெட்டி’. ஐடி உள்ள எந்த உறுப்பையும் உலாவி அதே பெயரில் விண்டோவில் தொங்கவிட்டுவிடும். பழைய இணையத்தின் மிச்சசொச்சம் இது. இந்தப் பெயரைக் குளோபல்ஸ் பட்டியலில் சேர்த்து எச்சரிக்கையைப் போக்கலாம்; தயவுசெய்து செய்யாதீர்கள். நாளைக்கு அதே பெயரில் ஒரு மாறி வந்தால் இந்தப் பெட்டி மறைந்துவிடும். ‘கெட்எலிமென்ட்பைஐடி’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பக்கத்துக் கோப்பில் இருக்கும் ஃபங்ஷன், ஜேக்வெரி என்ற நூலகத்தின் டாலர் குறி இவை வேறு ரகம். அவை நாம் தெரிந்தே வெளியிலிருந்து வாங்குவது. அவற்றை ‘ரீட்ஒன்லி’ என்று பட்டியலில் சேர்க்கலாம். சேர்த்த பிறகு யாராவது அதன்மேல் வேறொன்றை எழுதப் போனால் லின்டர் தடுக்கும். ‘ரைட்டபிள்’ என்று போடுவதற்கு எனக்கு இதுவரை நல்ல காரணம் கிடைத்ததில்லை.

பட்டியலுக்குள்ளேயும் வில்லங்கம் உண்டு. உலாவியின் பெயர்களில் ‘ஈவன்ட்’, ‘லெங்த்’, ‘பேரன்ட்’, ‘டாப்’, ‘ஓப்பன்’, ‘க்ளோஸ்’, ‘ஃபைண்ட்’ எல்லாம் இருக்கின்றன. எல்லாம் நாம் அன்றாடம் மாறிக்கு வைக்கும் பெயர்கள். ஒரு ஃபங்ஷனில் ‘ஈவன்ட்’ என்ற பராமீட்டரை வாங்க மறந்துவிட்டு உள்ளே அந்தப் பெயரைப் புழங்கினால், பட்டியலில் இருக்கிறதே என்று லின்டர் விட்டுவிடும். குரோமில் ஓடவும் செய்யும். ஃபயர்பாக்ஸில் வெகுகாலம் ஓடாமல் இருந்தது. இதற்கு ‘நோ-ரெஸ்ட்ரிக்டட்-குளோபல்ஸ்’ விதி இருக்கிறது. தடுக்க வேண்டிய பெயர்களை அதில் எழுதிவிட்டால், வேண்டும்போது ‘விண்டோ.’ என்று முன்னால் போட்டுத்தான் கூப்பிட முடியும்.

அப்புறம் சித்தப்பாவுக்கு இன்னொரு ஆசை வந்தது. தோட்டத்துக்கே போய்ப் பால் எடுக்கும் நாளில் கைப்பேசியிலும் கணக்கு வர வேண்டும். பேச்சிப்பாறைக்கு மேலே தோட்டத்துக்குள் நுழைந்தால் என் போனில் சிக்னல் விழுந்துவிடும். ஆகவே பக்கத்தை ஒரு சர்வரில் ஏற்றி, இணையம் இல்லாமலும் திறக்கும்படி பின்னணியில் ஓடும் சர்வீஸ் வொர்க்கர் கோப்பு ஒன்று சேர்த்தான் தம்பி. லின்டர் பச்சை. போனில் திறந்தால் வொர்க்கர் எழும்பவே இல்லை. பார்த்தால், அந்தக் கோப்பில் ‘லோக்கல்ஸ்டோரேஜ்’ எழுதியிருக்கிறான். சர்வீஸ் வொர்க்கருக்குள் லோக்கல்ஸ்டோரேஜும் கிடையாது, டாக்குமென்ட்டும் கிடையாது. அதே உலாவிதான், ஆனால் ஊர் வேறு.

நாங்கள் உலாவிப் பட்டியலை எந்தக் கோப்புக்கு என்று சொல்லாமல் மொத்தமாகக் கொடுத்திருந்தோம். குளோபல்ஸ் பேக்கேஜில் ‘சர்வீஸ்வொர்க்கர்’ என்று தனிப் பட்டியல் இருக்கிறது. அதைப் பின்னால் ஒரு ஆப்ஜெக்டில் சேர்த்தால் மட்டும் போதாது, ஏனென்றால் பட்டியல்கள் ஒன்றோடொன்று கூடுமே தவிர முன்னது கழியாது. உலாவிப் பட்டியல் உள்ள ஆப்ஜெக்டில் ‘ஃபைல்ஸ்’ போட்டுப் பக்கத்துக் கோப்புகளுக்கு மட்டும் என்று வரம்பு கட்ட வேண்டும். வொர்க்கர் கோப்பை அதன் ‘இக்னோர்ஸ்’ஸில் தள்ள வேண்டும். செய்ததும் லோக்கல்ஸ்டோரேஜ் வரியில் சிவப்பு வந்தது. எனக்கு அந்தச் சிவப்பைப் பார்க்கச் சந்தோஷமாகவே இருந்தது.

அந்த இக்னோர்ஸிலும் ஒரு நுணுக்கம். அது மற்றப் புலங்களோடு சேர்ந்து இருந்தால் அந்த ஆப்ஜெக்டுக்கு மட்டும் விலக்கு. தன்னந்தனியாக ஒரு ஆப்ஜெக்டில் இருந்தால்தான் மொத்த ஓட்டத்துக்கும் விலக்கு. வெளியிலிருந்து இறக்கிய, சுருக்கி எழுதிய மின்.ஜேஎஸ் கோப்புகளை இப்படித் தனி ஆப்ஜெக்டில் தள்ளிவிடுங்கள். ஆயிரக்கணக்கில் எச்சரிக்கை என்று அலறுகிற பல இடங்களில் முக்கால்வாசி அந்தக் கோப்புகளிலிருந்துதான் வரும். நோட்மாட்யூல்ஸ் தானாகவே விலகிவிடும். ஒரு குறிப்பிட்ட கோப்புக்குக் கடைசியில் எந்த ஏற்பாடு பொருந்துகிறது என்று குழப்பம் வந்தால் ‘பிரின்ட்-கான்ஃபிக்’ கட்டளையோடு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் முழுவதையும் கொட்டிக் காட்டும். ஊகித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதைவிட அது மேல்.

‘வார்ன்’ என்றும் ‘எர்ரர்’ என்றும் இரண்டு படி இருப்பதைப் பற்றி எனக்கு ஒரு கறாரான கருத்து உண்டு. வார்ன் என்றால் ஈஎஸ்லின்ட் மஞ்சளாகக் காட்டிவிட்டு வெற்றி என்றே முடிக்கும். தானியங்கி ஓட்டத்தில் எதுவும் நிற்காது. எர்ரர் என்றால்தான் தோல்விக் குறியீட்டோடு வெளியே வரும். மஞ்சள் கோடு ஒரு வாரம் இருந்தால் அப்புறம் யாருக்கும் கண்ணில் படுவதில்லை. ‘மேக்ஸ்-வார்னிங்ஸ் 0’ என்று ஓட்டுங்கள், அல்லது விதியை அணைத்துவிடுங்கள். விலக்குக் குறிப்புப் போட்டே ஆக வேண்டிய இடத்தில், விதியின் பெயரை எழுதி, இரண்டு சிறுகோடு போட்டு, பக்கத்தில் காரணத்தையும் எழுதலாம். ஈஎஸ்லின்ட் அதை ஏற்றுக்கொள்ளும். கோப்பின் தலையில் மொட்டையாக ‘ஈஎஸ்லின்ட்-டிஸேபிள்’ போடுவதைவிட அந்தக் கோப்பை இக்னோர்ஸில் தள்ளுவது நேர்மை. பழைய பெரிய நிரலில் புதிதாக விதியை ஏற்றுகிறவர்களுக்கு 2025-இல் வந்த 9.24 பதிப்பில் ஒரு வசதி: ‘சப்ரஸ்-ஆல்’ என்று ஓட்டினால் இன்றுவரை உள்ள குற்றங்களை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, நாளைக்கு வரும் புதியதை மட்டும் கேட்கும்.

‘ஃபிக்ஸ்’ என்று ஒரு கட்டளை எல்லாவற்றையும் திருத்திவிடும் என்று நம்பி ஓட்டுகிறவர்கள் உண்டு. நோ-அன்டெஃப்பையும் நோ-அன்யூஸ்ட்-வார்ஸையும் அது தொடாது. தொடாததுதான் நல்லது. இருப்பிடம் நமக்குத்தான் தெரியும்.

ஸ்டேட்டஸை ‘நிலை’ ஆக்கியாயிற்று, வொர்க்கரைச் சரிசெய்தாயிற்று, எல்லா விதியும் எர்ரர் படியில், எல்லாம் பச்சை. அந்த வாரமே வண்டிக்கூலி என்று ஒரு பெட்டியைத் தம்பி புதிதாகச் சேர்த்தான். சித்தப்பா 50 என்று தட்டினார். 700 ரூபாய்ப் பாலுக்குச் சீட்டு 70050 என்று வந்தது. பெட்டியிலிருந்து வருவது எப்போதும் எழுத்துச் சரம். எண்ணோடு அதைக் கூட்டினால் கூடாது, ஒட்டிக்கொள்ளும். பெருக்கலில் தானாக எண்ணாக மாறிவிடுவதால் இதுவரை தெரியவில்லை. எந்த ஊரைச் சொன்னாலும் சாதாரண ஈஎஸ்லின்ட்டுக்கு இது பிடிபடாது, ஏனென்றால் எது எண், எது சரம் என்று அது பார்ப்பதில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டோடு வகைகளைச் சேர்த்த டைப்ஸ்கிரிப்ட்டின் வகைத் தகவலோடு ஓடும் டைப்ஸ்கிரிப்ட்-ஈஎஸ்லின்ட்டில் ‘ரெஸ்ட்ரிக்ட்-ப்ளஸ்-ஆபரண்ட்ஸ்’ என்ற விதியைக் கண்டிப்பான அமைப்பில் வைத்தால் இதைப் பிடிக்கும். எங்களிடம் அது இல்லை. சித்தப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

“மக்களே, இந்த வண்டி எங்க, டெல்லிக்கா போவுது?”